முதலில் முதுகு, அப்புறம்தான் வயிறு

இந்த வியாழக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. மகளுக்கு முதுகைக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

சமையல் முடிந்திருந்தது. பாத்திரம் கழுவியாயிற்று. மாவும் அரைத்தாயிற்று. முதுகு சும்மாதான் இருந்தது.

என் மகள் கயலுக்கு ஆம்புலன்ஸில் வேலை. வண்டி ஓட்டுவது இல்லை. பின்னால் நோயாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஆஸ்பத்திரி போய்ச் சேருகிற வரைக்கும் உயிரைப் பிடித்து வைத்திருக்கிற வேலை. அதற்கென்று படித்து, இப்போது புதுக்கோட்டையில் ட்யூட்டி. இலுப்பூரில் எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் வருகிறாள்.

அன்றைக்கு மத்தியானம் வந்தவள், பையைக் கழற்றி வைத்துவிட்டு, "அம்மா, ரூல மாத்திட்டாங்க" என்றாள்.

"எந்த ரூலு?"

"தொண்டையில எதாச்சும் அடைச்சுக்கிட்டா என்ன பண்ணணும்ங்கிற ரூலு. முன்னாடி எங்களுக்கு, பெரியவங்கன்னா நேரா பின்னாடி நின்னு வயித்தக் கட்டிப்புடிச்சு மேல அழுத்தச் சொல்லித் தந்தாங்க. இப்ப மொதல்ல முதுகுல அஞ்சு அடி. அதுக்கு வரலைன்னாத்தான் வயித்துல அஞ்சு அழுத்து. மறுபடி முதுகு, மறுபடி வயிறு. அடைச்சது வெளிய வர்ற வரைக்கும்."

எங்கள் கான்வென்ட்டில் சிஸ்டர்கள் முதுகில் கொடுத்ததெல்லாம் முதலுதவி என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"நாளைக்குக் காலையில டெஸ்ட்டும்மா. எல்லாரும் செஞ்சு காட்டணும். என் கை பழக்கத்துல நேரா வயித்துக்குத்தான் போகுது. அதான் ஒன் முதுகு வேணும். அரை மணி நேரம்."

இந்த இடத்தில் ஒரு குடும்ப விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் நடந்ததன் கனம் உங்களுக்குத் தெரியாது.

கயலுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறோம். வருகிறவர்கள் எல்லாம் பொண்ணு லட்சணம் என்பார்கள், படிப்பு நல்ல படிப்பு என்பார்கள், ஆம்புலன்ஸ் என்றதும் கையில் இருக்கிற காப்பியைக் கீழே வைப்பார்கள். "ராத்திரி ட்யூட்டியெல்லாம் உண்டோ?" என்று ஒருத்தர். "ரத்தமெல்லாம் தொடணுமாமே?" என்று இன்னொருத்தர். "கல்யாணத்துக்கப்புறம் விட்டுரும்ல?" என்று கேட்ட அம்மாவிடம், "வாசல் அங்கிட்டு இருக்குங்க" என்று கயலே சொல்லிவிட்டாள். என் பெண் என்பதற்கு அது ஒன்றே சாட்சி.

கறம்பக்குடிக்காரர்கள் மட்டும்தான் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பையன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். கயலோடு ஃபோனில் இரண்டு தடவை பேசினார். பேசி முடித்துவிட்டு வந்தவள் ஃபிரிட்ஜைத் திறந்து, ஒன்றும் எடுக்காமல் மூடி, "பாக்கலாம்மா" என்றாள்.

எத்தனையோ ஃபோட்டோவைத் திரும்பிக்கூடப் பார்க்காதவள் வாயிலிருந்து 'பாக்கலாம்'. நான் அந்த நிமிஷமே மனதுக்குள் மண்டபம் புக் பண்ணிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாகப் பேச்சு.

சரி, முதுகுக்கு வருவோம்.

கரண்ட் இல்லை. ஹாலில் புழுக்கம் தாங்காமல் வாசல் கதவையும் தெருப் பக்கத்து இரண்டு ஜன்னல்களையும் விரியத் திறந்து வைத்தேன். நைட்டி, தோளில் துண்டு. கயல் யூனிஃபார்ம் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டாள். கையில் இரண்டு பக்க இங்கிலீஷ் தாள்.

"அதக் கொடு இங்கிட்டு" என்று வாங்கிக்கொண்டேன். இங்கிலீஷில் ஒரு தாளைப் பார்த்தால் என் முதுகெலும்பு தானாக நேராகிவிடும். கயல் பரீட்சை எழுதுகிறவள், நான் பரீட்சை வைக்கிறவள் என்று அந்த நிமிஷத்திலேயே முடிவாகிவிட்டது. எனக்கு யாரும் அந்த வேலையைக் கொடுக்கவில்லை என்பது வேறு விஷயம்.

"நீ இப்ப தொண்டை அடைச்ச ஆளும்மா. பேசக் கூடாது."

வாயைத் திறக்காமல் இருப்பது இன்றுவரை எனக்குச் சரியாக வராத பாத்திரம். இருந்தாலும் கழுத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை உருட்டி, நாக்கைக் கொஞ்சம் வெளியே விட்டேன்.

"மூச்சு அடைக்குதாம்மா? நான் உதவி பண்ணவா?" என்று கேட்டுக்கொண்டே பக்கவாட்டில் வந்து நின்று, ஒரு கையால் என் நெஞ்சைத் தாங்கி முன்பக்கமாகக் குனிய வைத்தாள். இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் உள்ளங்கையின் அடிப்பாகத்தை மெதுவாக வைத்தாள். வைத்து எடுத்தாள். வைத்து எடுத்தாள்.

"என்னடி பண்ற?"

"ஆள் மேல பழகும்போது நெசமா அடிக்கக் கூடாதும்மா. கைய வச்சு எடத்தக் காட்டினாப் போதும். நெச அடியெல்லாம் பொம்மைக்குத்தான்."

"கைய வச்சு எடுக்குறதுக்குப் பேரு ஆசீர்வாதம். நாளைக்கு அங்க போயி ஆசீர்வாதம் பண்ணினா பாஸ் போடுவாங்களா? அடி."

"வேணாம்மா."

"அடிங்கிறேன்ல?"

அடித்தாள். தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி இருந்தது.

"பலமா அடி."

கொஞ்சம் பலமாக அடித்தாள்.

"இன்னும் பலமா. பெத்தவன்னு பாக்காத. ஒன். டூ. மூணாவது அடி சரியில்ல, திரும்ப மொதல்லேருந்து போடு."

நான் சாதாரணமாகப் பேசினாலே மூன்று வீடு கேட்கும். அன்றைக்கு ஃபேன் சத்தம்கூட இல்லை. அவள் அடிக்க, நான் குனிந்தபடியே கத்த, "த்ரீ, அப்படித்தான், ஃபோர், நெஞ்சுல ஈரமே இல்லாம அடி, ஃபைவ்" என்று நாலு சுற்று போயிற்று. அப்புறம் பின்னால் வந்து நின்று இடுப்பைச் சுற்றிக் கை கோத்து, தொப்புளுக்குக் கொஞ்சம் மேலே முஷ்டியை வைத்தாள். "வயித்துல நெசமா அழுத்தவே மாட்டேன், உள்ள எதாச்சும் ஆயிரும்" என்று அதில் மட்டும் உறுதியாக நின்றாள். ஆனால் என் கால் அவள் காலை மிதித்து, அவள் தடுமாறி, நானும் தடுமாறி, இரண்டு பேரும் கட்டிப் பிடித்தபடி சோபா வரைக்கும் போய் வந்தோம்.

"இப்பக் கொழந்தைக்குப் பாக்கணும்மா" என்றாள்.

ஒரு வயதுக்குள் இருக்கிற குழந்தைக்கு வயிற்றில் கை வைக்கக் கூடாதாம். முன்கையில் குப்புறப் படுக்க வைத்து, தலை கொஞ்சம் கீழே இருக்கிற மாதிரி பிடித்து முதுகில் ஐந்து. அப்புறம் மல்லாக்கத் திருப்பி நெஞ்சில் ஐந்து. நெஞ்சில் இதற்கு முன்னால் இரண்டு விரலால் அழுத்திக்கொண்டிருந்தார்கள். இப்போது அங்கேயும் உள்ளங்கையின் அடிப்பாகம்தான்.

"கொழந்தைக்கு எங்கடி போறது?"

சமையலறையில் காலையில் வாங்கின சுரைக்காய் கிடந்தது. நல்ல பருமன், காம்புப் பக்கம் கழுத்து மாதிரி ஒடுங்கி. என் தோள் துண்டை எடுத்துச் சுற்றினேன். அதோடு விட்டிருக்கலாம். பீரோவைத் திறந்து, கயல் கைக்குழந்தையாக இருந்தபோது போட்ட லேஸ் வைத்த தொப்பியைத் தேடி எடுத்துக் காம்பில் மாட்டினேன். தள்ளி நின்று பார்த்தால் என் வீட்டுக்காரர் சாயல்.

கயல் அதை முன்கையில் குப்புறப் போட்டு, "ஒண்ணு, ரெண்டு" என்று ஆரம்பித்தாள். பொம்மை என்பதால் இதில் தயவு தாட்சண்யம் இல்லை. திருப்பிப் போட்டாள். நெஞ்சில் அழுத்தினாள். காற்றுக்காக வாசல் பக்கமாக நகர்ந்து நின்றுகொண்டு, நான் தாளைப் பார்த்து, "வேகமா, வேகமா, இது போதாது" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது சுற்றில் துண்டு நழுவியது. சுரைக்காய் தரையில் விழுந்து உருண்டது. கயல், "அய்யய்யோ" என்று குனிந்தாள்.

"போனாப் போகுது, விடு" என்றேன். "ராத்திரிக்கு வெட்டிக் கூட்டு வச்சிருவோம்."

எதிர்வீட்டில் எவர்சில்வர் டம்ளர் விழுந்த சத்தம் கேட்டது. யார் வீட்டில் எது விழுந்தால் எனக்கென்ன என்று நான் அடுத்த சுற்றுக்குப் போய்விட்டேன்.

கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டு மல்லிகா மூச்சு வாங்க ஓடி வந்தாள். செருப்புகூடப் போடவில்லை.

"யக்கா, கெடுத்தீங்களே காரியத்த. கறம்பக்குடிக்காரங்க வந்திருந்தாங்க."

"ஞாயித்துக்கெழமதான வரணும்?"

"பொண்ணு பாக்க ஞாயித்துக்கெழம. விசாரிக்க இன்னைக்கி."

எங்கள் பக்கம் இது உண்டு. பெண் பார்க்க நாள் சொல்லிவிட்டு, அதற்கு முன்னால் சொல்லாமல் கொள்ளாமல் வந்து எதிர்வீட்டிலோ முக்குக் கடையிலோ உட்கார்ந்து துருவிவிட்டுப் போவார்கள். நான் இதில் குற்றம் சொல்ல முடியாது. திங்கட்கிழமைதான் நானே கறம்பக்குடிக்குப் போய், பையன் வீட்டுக்கு எதிர்த் தையல் கடையில், தைக்கவே போகாத ஒரு ரவிக்கைக்கு முக்கால் மணி நேரம் அளவு கொடுத்துவிட்டு வந்திருந்தேன்.

"யாரு யாரு வந்தாங்க?"

"பையனோட அம்மா, அப்புறம் அவனோட பெரிய அத்தை. மாடி வாடகைக்கு இருக்கான்னு கேட்டுக்கிட்டு வந்தாங்க. ஒக்கார வச்சுக் காப்பி குடுத்ததும் யாருன்னு அவங்களே சொல்லிட்டாங்க. ஜன்னலோரமா ஒக்காந்தாங்க. சரியா அந்த நேரம் பாத்து..."

"எந்த நேரம் பாத்து?"

"ஒங்க பொண்ணு ஒங்கள அடிக்கிற நேரம் பாத்து."

கயல் சோபாவில் உட்கார்ந்துவிட்டாள்.

"நீ என்ன சொன்ன மல்லிகா?"

"நான் விட்டுக்குடுப்பேனா யக்கா? தங்கமான பொண்ணு, இத்தன வருசத்துல அடிச்சு நான் பாத்ததே இல்ல, இன்னைக்கித்தான் மொதத் தடவைன்னு அடிச்சுச் சொன்னேன்."

"அடிச்சுச் சொன்னியாக்கும்."

"'பெத்தவளே பலமா அடிங்குதே, புத்தி கித்தி சரியில்லையா'ன்னு அந்தப் பெரிய அத்தை கேட்டாங்க. அதெல்லாம் இல்லீங்க, கான்வென்ட்ல படிச்சவங்க, அப்படித்தான் பேசுவாங்கன்னேன். அப்புறம் கொழந்தைய எடுத்துட்டு வந்தீங்க. யாரோடதுன்னு கேட்டாங்க. எனக்கு எப்படித் தெரியும்? நேத்து வரைக்கும் அந்த வீட்டுல கொழந்தை இல்லைன்னு உள்ளதச் சொன்னேன்."

நான் திரும்பிச் சுரைக்காயைப் பார்த்தேன்.

"அப்புறம் கொழந்தை கீழ விழுந்துச்சு. அதுக்கு நீங்க கூட்டு வைக்கலாம்னு சொன்னீங்க. அத்தோட அவங்க எந்திரிச்சிட்டாங்க."

"எங்கிட்டுப் போனாங்க?"

"பஸ் ஸ்டாண்டுக்கு. நடக்கல யக்கா. ஓடுறாங்க."

நான் யோசிக்கிற ஆள் இல்லை. செய்துவிட்டு யோசிக்கிற ஆள். சுரைக்காயைத் துண்டோடும் தொப்பியோடும் அள்ளினேன், அத்தாட்சி வேண்டுமே. இங்கிலீஷ் தாளை எடுத்தேன். தோளுக்குத் துண்டு இல்லை, அது சுரைக்காயிடம் இருந்தது. நாற்காலியில் கிடந்த கயலின் ஆம்புலன்ஸ் கோட்டை நைட்டிக்கு மேலே மாட்டினேன். பட்டன் போடவில்லை, போடவும் முடியாது.

"வண்டிய எடுடி."

"அம்மா, ஃபோன்ல சொல்லிக்கலாம்மா. இப்படிப் போக வேணாம்."

"ஃபோன்ல சொரக்காயக் காட்ட முடியுமா?"

ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து, மடியில் லேஸ் தொப்பி போட்ட சுரைக்காயை அணைத்துக்கொண்டு, மினுமினுக்கிற பட்டை போட்ட கோட்டோடு இலுப்பூர்க் கடைத்தெருவைக் கடந்தேன். மருந்துக் கடைக்காரர் எழுந்து நின்று, "என்னாச்சு, கொழந்தைக்கு முடியலையா?" என்றார். பதில் சொல்ல நேரமில்லை.

கறம்பக்குடிக்காரர்கள் பிடிக்க வேண்டிய புதுக்கோட்டை பஸ் உறுமிக்கொண்டு நின்றது. ஓடுகிற ஸ்கூட்டியிலிருந்து இறங்குகிற வயது எனக்கு இல்லை என்று அப்போது தெரிந்துகொண்டேன். கயல் ஒரு டீக்கடை ஓரத்தில் வண்டியைச் சாத்திவிட்டுப் பின்னாலேயே ஓடி வந்தாள்.

படியில் கால் வைத்ததும் கண்டக்டர் என் கோட்டைப் பார்த்தார், கையைப் பார்த்தார். "வழி விடுங்க, வழி விடுங்க. ஆம்புலன்ஸ்காரங்க. கைக்கொழந்தை."

நின்றுகொண்டிருந்த கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. ஒரு பெரியவர் எழுந்து இடம் கொடுத்தார். நான் உட்காரவில்லை. நாலாவது சீட்டில் அவர்கள் இருந்தார்கள். திங்கட்கிழமை தையல் கடையிலிருந்து பார்த்து வைத்த முகங்கள்தான். ஜன்னலோரம் பெரிய அத்தை, தங்க ஃபிரேம் கண்ணாடி, கையில் வேர்க்கடலைப் பொட்டலம். பக்கத்தில் பையனின் அம்மா செல்வி, ஒல்லியாக, மடியில் இரண்டு பேருடைய பை, குடை, தண்ணீர்ப் பாட்டில் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு.

என்னைப் பார்த்ததும் பெரிய அத்தை முகம் வெளுத்தது.

"நீங்க நெனக்கிற மாதிரி இல்லீங்க" என்று ஆரம்பித்தேன்.

அதற்குள் முன் சீட்டுப் பொம்பளை ஒருத்தி, "பச்சப்புள்ளய இப்படியா மூடுறது, காத்துப் பட வேணாமா" என்று தொப்பியைத் தூக்கினாள்.

பஸ் முழுக்க எட்டிப் பார்த்தது.

"சொரக்கா" என்றாள் அவள், தனக்குத்தானே சொல்கிற மாதிரி.

"அதத்தாங்க சொல்ல வந்தேன். கொழந்தை இல்ல. இதத்தான் நீங்க பாத்தீங்க. பொண்ணுக்கு நாளைக்கு டெஸ்ட்டு."

பெரிய அத்தை சுரைக்காயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்ப நெசக் கொழந்தைய எங்க வச்சிட்டு வந்தீங்க?"

நான் கோடு கிழித்தாற்போல் வாழ்ந்தவள். நாற்பத்தொன்பது வயதில், ஓடுகிற பஸ்ஸில், ஒரு சுரைக்காய் சுரைக்காய்தான் என்று நிரூபிக்க வேண்டி வந்தது. ஆமாம், பஸ் கிளம்பிவிட்டது. கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே, "சொரக்காய்க்கு வேணாம்" என்றார்.

தாளை விரித்தேன். இங்கிலீஷில் வாசித்தேன். நல்ல உச்சரிப்போடு வாசித்தேன். வாசிக்க வாசிக்க பஸ்ஸே என்னைப் பரிதாபமாகப் பார்த்தது.

"அம்மா, போதும். அடுத்த ஸ்டாப்புல எறங்குவோம்" என்றாள் கயல், பின்னாலிருந்து.

"நீ சும்மா இரு. இவங்களுக்குப் புரிய வைக்காம நான் எறங்க மாட்டேன்."

பெரிய அத்தைக்குப் பயம் போய் அதிகாரம் வந்துவிட்டது. கடலையை வாயில் போட்டுக்கொண்டே தீர்ப்புச் சொன்னார். "நீங்கதான திங்கக்கெழம எங்க எதிர்த்த தையக்கடையில ஒரு ரவிக்கைக்கு ஒம்போது தடவ அளவு குடுத்தது? அப்பவே நெனச்சேன். செல்வி, நீ பேசாம இரு."

செல்வி வாயையே திறக்கவில்லை.

"தொண்டையில அடைச்சா முதுகுல அடிக்கணுமாம். எவன் கண்டுபுடிச்சது? உச்சந்தலையில ரெண்டு தட்டு, ஒரு மடக்குத் தண்ணி. இதுக்கு ஒரு படிப்பு, இதுக்கு ஒரு தாளு. எங்க வீட்டுல நான் சொன்னாச் சொன்னதுதான். செல்வி, தண்ணிப் பாட்டில நேராப் புடி. எங்க தம்பி கூட என் பேச்சுக்கு மறு..."

கடலை போகக் கூடாத வழியில் போய்விட்டது.

இருமினார். கண்ணில் நீர் முட்டியது. முகம் சிவந்தது. இருமல் பஸ்ஸின் கூரையில் இடித்தது. "தலையில தட்டுங்க" என்றது ஒரு குரல். "யாரோ நெனைக்கிறாக" என்றது இன்னொன்று. பின் சீட்டுக்காரர் ஒருத்தர் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினார்.

எனக்கு வேறு என்ன வேண்டும்? மத்தியானத்திலிருந்து படித்த பாடம் கண்முன்னால் உட்கார்ந்து இருமுகிறது. சுரைக்காயை இடம் கொடுத்த பெரியவர் கையில் திணித்தேன். செல்வியைத் தாண்டிக் கையை நீட்டி, பெரிய அத்தையை முன்பக்கமாகக் குனிய வைத்து, தோள்பட்டை நடுவில் உள்ளங்கை அடியால் போட்டேன் ஒன்று. நல்ல சத்தம். போட்டேன் இரண்டு.

மூன்றாவதுக்கு ஓங்கிய கையைக் கயல் பிடித்துவிட்டாள்.

"அம்மா, தள்ளு. இருமுறாங்கள்ல? சத்தம் வருதுல்ல? சத்தம் வர்ற ஆளத் தொடவே கூடாது."

என்னை ஒரு கையால் ஓரங்கட்டிவிட்டு, செல்விக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். அந்தக் குரல் எங்கள் வீட்டில் நான் கேட்டதே இல்லை.

"நல்லா இருமுங்கம்மா. அப்படித்தான். ஒங்க இருமலே அதத் தள்ளிரும். நான் இங்கதான் இருக்கேன். சத்தம் நின்னாத்தான் நான் கை வப்பேன், அது வரைக்கும் பயமில்ல. ஐயா, தண்ணி இப்ப வேணாம், உள்ள வைங்க. தலையில யாரும் தட்டாதீங்க."

பெரிய அத்தை அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இன்னும் நாலைந்து தடவை இருமினார். பாதிக் கடலை ஒன்று முன் சீட்டுக் கம்பியில் போய் ஒட்டியது.

கயல் அவர் நெஞ்சு ஏறி இறங்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். இரண்டு வார்த்தை பேசச் சொன்னாள். "ஒண்ணுமில்ல. சரியாப் போச்சு. ஆனா இருமலோ மூச்சுத் திணறலோ மறுபடி வந்தா ஒடனே ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க."

பேசச் சொன்னாள் அல்லவா, பெரிய அத்தை பேசினார்.

"என்னைய அடிச்சுப்புட்டா. நாலு பேரு பாக்க, பஸ்ஸுல வச்சு. பொறந்ததுலேருந்து எங்க ஐயாகூட என்மேல கை வச்சதில்ல. செல்வி, பாத்தீல்ல?"

"பாத்தேன் அண்ணி" என்றார் செல்வி. அதுதான் அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை. கொஞ்சம் விட்டு, "நல்லாப் பாத்தேன்" என்றார்.

"இந்தச் சம்பந்தம் வேணாம். ஆத்தாளும் மகளும் சேந்து ஊரையே அடிக்கிற குடும்பம். ஞாயித்துக்கெழம யாரும் வரல. சொல்லிட்டேன்."

அடுத்த ஸ்டாப்பில் இறங்கினோம். பெரியவர் ஜன்னல் வழியாகச் சுரைக்காயை நீட்டினார், தொப்பியைச் சரியாக மாட்டி.

எதிர்ப்பக்கம் திரும்புகிற பஸ்ஸுக்காகப் புளியமரத்தடியில் நின்றோம். வெயில், நைட்டி, ஆம்புலன்ஸ் கோட். கயல் சுரைக்காயிலிருந்து தொப்பியைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தாள். அவள் திட்டியிருந்தால் நான் திருப்பித் திட்டியிருப்பேன், பாரம் குறைந்திருக்கும்.

"திட்டிருடி" என்றேன்.

"இருமுற ஆள அப்படி அடிச்சா, உள்ள இருக்குறது எசகுபெசகாப் போயி நெசமாவே அடைச்சுக்கலாம்மா."

"அது தாள்ல இல்லையே?"

"மொத வரியே அதுதாம்மா."

பிரித்துப் பார்த்தேன். முதல் வரி அதுதான். நன்றாக இருமவும் பேசவும் முடிகிறவரை இருமவிட்டுப் பக்கத்தில் இருந்து கவனிக்கச் சொல்லிக் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. நான் எப்போதுமே எதையும் இரண்டாவது வரியிலிருந்து வாசிக்கிறவள். முதல் வரியில் என்ன பெரிதாகச் சொல்லிவிடப் போகிறார்கள் என்கிற அவசரம்.

"அவரு இன்னைக்கி சாயங்காலம் ஃபோன் பண்றேன்னு சொல்லியிருந்தாரு" என்றாள் கயல், ரோட்டைப் பார்த்துக்கொண்டு. "இனிமே பண்ண மாட்டாருல்ல."

தாளை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தேன்.

சாயங்காலம் ஃபோன் வரவில்லை. நான் சுரைக்காயை வெட்டவும் இல்லை. அதை வெட்டுகிற தைரியம் வரவில்லை.

மறுநாள் டெஸ்ட்டிலிருந்து வந்தவள், "பாஸும்மா. கை நேரா முதுகுக்குத்தான் போச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். பாஸ் பண்ணின பிள்ளை படுக்கிற படுக்கை இல்லை அது.

நாலு மணிக்கு என் ஃபோன் அடித்தது. புது நம்பர்.

"நாந்தாங்க, கறம்பக்குடியிலேருந்து செல்வி பேசுறேன்."

மன்னிப்பு என்பதை நான் வாழ்நாளில் அதிகம் கேட்டதில்லை. பழக்கம் இல்லாததால் ஒரே மூச்சில் கேட்டேன். சுரைக்காய், தொப்பி, கோட், கடலை என்று வரிசை தப்பி வந்தது.

"இருக்கட்டும், விடுங்க" என்றார். குரல் பஸ்ஸில் கேட்டதைவிட நல்ல தெம்பாக இருந்தது. "ஒங்க பொண்ணு பதறல. நீங்க பதறுனீங்க, பஸ்ஸே பதறுச்சு, அது பதறல. அவ்ளோ பேசினவங்க கையப் புடிச்சுக்கிட்டு ஒக்காந்துச்சு பாருங்க, எனக்கு அது போதும். ராத்திரியே எம் மகன்கிட்டச் சொல்லிட்டேன். இன்னும் கொஞ்ச நேரத்துல அவனே ஒங்க பொண்ணுக்குப் பேசுவான்."

"அப்ப ஞாயித்துக்கெழம..."

"வாரோம்."

"ஒங்க நாத்தனாரு?"

"வேணாம்னுதான் குதிச்சாங்க. நீங்க வராட்டி நல்லா இருக்காது அண்ணின்னு நாந்தான் விடாம நின்னு சம்மதிக்க வச்சிருக்கேன்."

உள் அறையில் கயலின் ஃபோன் அடிக்கிற சத்தம் கேட்டது. இரண்டாவது மணிக்குள் எடுத்துவிட்டாள்.

"கோவம் இருக்குமேங்க அவங்களுக்கு?" என்றேன்.

"இருக்கும், இருக்கும்" என்றார் செல்வி. அப்புறம் குரலைத் தாழ்த்தினார். "இருபத்தெட்டு வருசமா அவங்க பையத் தூக்கிட்டு நடக்குறேன் சம்பந்தி. ஒரு ஒத்தாசை பண்ணுங்க. பலகாரம் குடுக்கும்போது அவங்க பக்கத்துல நீங்க ஒக்காந்துக்கங்க."

ஞாயிற்றுக்கிழமைக் கேசரிக்கு முந்திரியை உடைத்துப் போடுவதா, முழுசாகப் போடுவதா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.